பூசத் தேவையில்லாத இராசா

என் மகளுக்குப் பவுடர் போடுவதை நான் நிறுத்தியது, மூவிராசாக்கள் திருநாளுக்கு அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன், சூரிச் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் தொட்டு, குளிப்பாட்டித் துடைத்ததும் முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் போடாமல் நான் அவளை ஒருவருக்கும் காட்டியதில்லை. இதில் விளங்கப்படுத்த என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். பழைய பள்ளிக்கூடப் படங்களில் நாங்கள் எல்லோரும் மாச் சட்டிக்குள் விழுந்து எழும்பிய ஆட்கள் மாதிரித்தான் நிற்கிறோம்.

நிறத்துக்காகத்தானே போட்டாய் என்று கேட்டால், ஓம், அதற்காகவும்தான். பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்த எங்கள் ஆட்கள் நிறை எவ்வளவு என்று கேட்கவில்லை. துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு, "தாயின்ர நிறம்தான்" என்றார்கள். துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள். என் கணவர் கொஞ்சம் வெளுப்பு. நான் நல்ல கறுப்பு. சின்ன வயதில் வீட்டில் என்னைக் 'கறுப்பி' என்றுதான் கூப்பிட்டார்கள், செல்லமாகத்தான். நானும் அந்தப் பெயருக்கு ஓடி ஓடிப் போனேன். ஆனால் என் பிள்ளையை ஒருவரும் அப்படிக் கூப்பிட விடுவதில்லை என்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே முடிவெடுத்தேன். அதற்கு என் கையில் இருந்தது ஒரு பவுடர் டின் மட்டும்தான்.

நாங்கள் இருந்தது லிம்மாட் ஆற்றோரம், டீட்டிகோனைத் தாண்டி ஒரு சின்ன ஊர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் கணவர் உணவகம் ஒன்றின் குசினியில் வேலை செய்தார். நான் விடியப்புறம் அலுவலகக் கந்தோர்கள் துடைக்கப் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போக முதல் திரும்பி வந்துவிடுவேன். எங்கள் விசா விஷயம் முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதனால் என் கணவருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே பாட்டு: "பிரச்சினைப்படுத்தாதை, கதைக்காதை." எனக்கோ மூக்கு நுனியில் கோபம். பாலர் வகுப்பு ஆசிரியை ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, பிள்ளையின் முகத்தில் ஏதும் தோல் வருத்தமா, வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதே என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் இன்னும் ஒரு கை கூடவே போட்டு அனுப்பினேன்.

மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிற வருஷம், கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் ஒரு நாள், மறைக்கல்வி வகுப்பு முடிந்து படிகளில் தடதடவென்று ஓடி வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, என்னை ராசாவாப் போட்டிருக்கினம்!"

இங்கே ஜனவரித் தொடக்கத்தில் கத்தோலிக்கக் கோயில் பிள்ளைகள், பாலன் யேசுவைக் காண வந்த மூன்று இராசாக்களாக வேஷம் போட்டு, தடியில் கட்டிய நட்சத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கதவைத் திறந்தால் ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனம். பிறகு கதவு நிலையில் வெண்கட்டியால் வருஷத்தை எழுதி வீட்டை ஆசீர்வதிப்பார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு உண்டியலும் கொண்டு திரிவார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்காது. வகுப்பில் மூன்று பேரைத்தான் தெரிவு செய்வார்கள்.

"என்னெண்டு உன்னைத் தெரிவு செய்தவை?" என்றேன்.

"நான் நல்லாப் பாடுறன்தானே அம்மா."

அது பொய்யில்லை. அவளுக்கு நல்ல தொண்டை. எங்கள் தமிழ்ப் பூசையில் அவள் பாடினால் முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஓம், பாட்டுக்குத்தான்" என்று நானும் சொன்னேன். என் கணவர் அந்த மாதத் தமிழ்ப் பூசையில் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் சொல்லி முடித்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அவ்வளவு இருக்க எங்கட பிள்ளையைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தலைகால் தெரியவில்லை.

எந்த இராசா என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். பாலன் குடில் பார்த்து வளர்ந்தவள்தானே நானும். எங்கள் ஊர்க் கோயிலிலும் மூன்று இராசாக்கள் உண்டு. இரண்டு பேர் றோஸ் நிறம், ஒருவர் கறுப்பு. குடில் கட்டுகிற அண்ணைமார் அந்தக் கறுப்பரை எப்போதும் ஓரமாக, ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். நாங்கள் பிள்ளைகள் அவரைக் காட்டிச் சிரிப்போம். எங்களில் பாதிப் பேர் அவரைவிடக் கறுப்பு. ஆனாலும் அவர் ஆபிரிக்காக்காரர், நாங்கள் வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்படி நினைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. தானாக வந்தது.

மகளுக்குக் கொடுத்த வசனத்தைப் பார்த்தபோது எனக்கு மிச்சமும் விளங்கியது. மறைக்கல்வி ஆசிரியை தானே எழுதியது. டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எதுகையோடு: நான் தூர தேசத்திலிருந்து வருகிறேன், அங்கே வெயில் சுட்டெரிக்கும், மணல் கொதிக்கும், ஆனாலும் நட்சத்திரம் என்னை இங்கே கூட்டிவந்தது. பனி கொட்டிய ஒரு மாசி மாதத்தில் சூரிச்சில் பிறந்த பிள்ளை, கொதிக்கிற மணலைப் படத்தில் மட்டும் பார்த்தவள், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைப் பாடமாக்கினாள். என் கணவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கினம், எங்கட ஊர் வெயில் அப்பிடித்தானே" என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அந்த ஆசிரியை நல்ல மனுஷி. அதுதான் பெரிய கரைச்சல். நாங்கள் வந்த புதிதில் குளிர்ச் சட்டைகள் சேர்த்துத் தந்தவள் அவள். என் பல்லுக் கொதிக்கு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். நல்லவர்கள் செய்கிறதை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பிள்ளைகளோடு ஒரு பெரிய ஆள் போக வேண்டும், வர முடியுமா என்று அவள் என்னைத்தான் கேட்டாள். நான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அந்தப் பின்னேரம் மகளை முழுக வார்த்து, தலையை இழுத்துப் பின்னி, பண்டிகைக்குப் போடுகிற மாதிரி நிறையப் பவுடர் போட்டேன். கழுத்து, காதடி, கை எல்லாவற்றுக்கும். இராசா என்றால் இராசா மாதிரி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வெளியே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிப்புகார் மூடிக் கிடந்தது. நாலரை மணிக்கே தெருவிளக்குகள் எரிந்தன.

கோயில் மண்டபத்தில் மற்ற இரண்டு இராசாக்களும் நின்றார்கள். ஒருத்தி வகுப்பில் என் மகளுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளை. மற்றவன் ஊர்ப் பேக்கரியில் பாண் சுட்டு விற்கிற கடைக்காரரின் மகன். ஆசிரியை என் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே குழாயடிக்குப் போய், துவாயை நனைத்து வந்து, என் மகளின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, நான் போட்ட பவுடர் முழுவதையும் துடைத்தெடுத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து. துவாயை மடித்துக் காதுக்குள்ளும் விட்டுத் துடைத்தாள்.

"இப்போது சரி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் மகளுக்குப் பூசத் தேவையே இல்லை. எவ்வளவு வசதி!" என்றாள். போன வருஷம் வரைக்கும் பாண் கடைக்காரரின் மகனுக்குத்தான் கறுப்பு மை பூசினார்களாம். ஒரே வேலையாம். அவன் சட்டைக் கழுத்தெல்லாம் கறையாகி, தாய் குறை சொன்னாளாம். அதை எனக்கு ஒரு நல்ல செய்தி மாதிரிச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

மற்றப் பிள்ளைகளுக்குப் பூச்சு வேலை தொடங்கியது. பையனுக்குத் தாடி கீறி, புருவத்தைத் தடிப்பாக்கினாள். மற்றப் பெண்பிள்ளைக்குக் கன்னத்தில் பொன் நிறம் தடவினாள். என் மகள் தலைப்பாகையோடு வாங்கின் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பிப் போய் முகத்தை நீட்டினாள்.

"எனக்கு?"

"உனக்கு எதுக்கு? நீ இப்படியே அழகு" என்று ஆசிரியை அவள் தலையைத் தடவினாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துவாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் போட்ட பவுடர் அதில் பசை மாதிரித் திரண்டு கிடந்தது.

முதல் வீடுகள் ஆற்றங்கரைப் பக்கம். பிள்ளைகள் மேலே ஏறிப் போய் மணியை அடிப்பார்கள். நான் படிக்கட்டுத் திருப்பத்தில், அரைவாசி இருட்டில் நிற்பேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. வசனங்களும் சரி. ஆனால் மகள் தன் வசனத்தைச் சொல்லி முடித்ததும் கதவைத் திறந்தவர்கள் குனிந்து கேட்பார்கள்: "நீ எங்கேயிருந்து வருகிறாய்?"

"இந்த ஊர்தான். தபால் கந்தோருக்குப் பின்னால."

அவர்கள் சிரிப்பார்கள். "இல்லை, உண்மையாக?"

அவள் படிக்கட்டுக்குக் கீழே என்னைத் தேடுவாள். நான் அங்கேயிருந்தே "ஸ்ரீலங்கா" என்று குரல் கொடுப்பேன். உடனே அவர்கள் ஆ என்பார்கள். ஒருவர் உண்டியலில் ஒட்டியிருந்த படத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய கண்களோடு கறுத்த பிள்ளை ஒன்று கோப்பையை ஏந்துகிற படம் அது. "அப்படியானால் இது உங்கள் ஆட்களுக்குத்தானே" என்று சொல்லிக் காசைப் போட்டார். பாண் கடைக்காரரின் மகனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய அப்பா கடையில் தள்ளுபடி உண்டா என்று பகிடிக்குக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு மூன்றாம் மாடி வீடு. கதவைத் திறந்தது தடித்த கண்ணாடி போட்ட ஒரு கிழவி. பாட்டு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாள். வசனமும் முடிந்தது. கிழவி என் மகளின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"எவ்வளவு வடிவாகப் பூசியிருக்கிறார்கள்! காதுக்குள்ளும்கூட! ஒரு இடம் விடவில்லையே. இதைக் கழுவ உனக்கு எவ்வளவு நேரம் போகப் போகிறதோ, பாவம்."

நான் ஒரு படி ஏறினேன். இன்னும் ஒரு படி ஏறியிருக்கலாம். ஆனால் அதற்குள் என் மகளின் குரல் கேட்டது. தெளிவான குரல். பாடுகிற குரல்.

"இல்லை, சவர்க்காரம் போட்டால் போய்விடும்."

கிழவிக்கு நல்ல சந்தோஷம். எத்தனையாம் வகுப்பு, யார் ஆசிரியை, விடுமுறைக்குச் சறுக்குப் பலகையில் போனாயா என்றெல்லாம் விசாரித்தாள். எங்கேயிருந்து வருகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் ஒரே மாதிரிக் கொட்டைப் பருப்பு வைத்த கேக்கை வெட்டிக் கொடுத்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் ஆளையாள் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள். கதவு சாத்தியதும் பையன் இளித்தான். என் மகள் கேக்கைக் கடித்துக்கொண்டே என்னைக் கடந்து இறங்கிப் போனாள்.

நானும் பின்னால் இறங்கினேன். கிழவியிடம் கோபமா, பிள்ளையிடமா, என்னிடமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெருவில் வைத்துக் கேட்கலாமென்றால் மற்றப் பிள்ளைகள். தமிழில் கேட்டால், என்ன சொல்கிறீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அடுத்த வீடு வந்துவிட்டது.

அந்த வீட்டில் அவர்கள் கேட்கும்வரை மகள் காத்திருக்கவில்லை. வசனம் முடிந்த கையோடு, "இது பூச்சு. போன வருஷம் இவன், இந்த வருஷம் நான்" என்று பையனைக் காட்டிச் சொன்னாள். வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னாள். அதற்கடுத்ததிலும். ஒருவரும் அவளைத் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு அவள் குரல் உயர்ந்துகொண்டு போனது. அன்றைக்கு அவள் பாடிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு. நான் இருட்டுக்குள் நின்று அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக எங்கள் கட்டடம். கீழ்த் தளத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி. உடுப்புத் தோய்க்கிற அறையின் பூட்டுத் திறப்பு அவளிடம்தான். யாருக்கு எந்த நாள் முறை என்று பிசகாமல் சொல்லுவாள். என் மகளைத் தவழ்ந்த காலம் தொட்டுத் தெரியும். இதை நான் யோசித்திருக்க வேண்டும். மகளும் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவள் அந்தப் பாட்டின் வேகத்தில் இருந்தாள். வசனத்தைச் சொல்லி முடித்து, அதே மூச்சில், "இது பூச்சு" என்றாள்.

அந்த மனுஷி வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"என்ன பூச்சு? நீ எங்கள் மூன்றாம் மாடித் தமிழ்ப் பிள்ளையல்லவா? உன்னை எனக்குத் தெரியாதா? உனக்கு எதுக்குப் பூச்சு?"

அன்பாகத்தான் சொன்னாள். சத்தமாகச் சிரித்தும் விட்டாள். அவள் சிரித்ததும் பையன் சிரித்தான். பிறகு, இவ்வளவு நேரம் சும்மா நின்ற பக்கத்து வாங்குப் பிள்ளையும் சிரித்தது. என் மகள் உண்டியலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை அவள் நிமிர்த்தவில்லை.

மேலே எங்கள் வீட்டில் என் கணவர் வேலைக்கு விடுமுறை எடுத்து, கலியாணத்துக்குப் போடுகிற சேர்ட்டைப் போட்டு, கமெராவோடு காத்திருந்தார். மேசையில் நான் சுட்டு வைத்த பற்றிஸ் பலகாரம். மெழுகுதிரியும் கொளுத்தியிருந்தார். பாட்டை இரண்டு பேர்தான் பாடினார்கள். மகளின் வசனத்துக்கு முறை வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லம்மா, ராசா" என்றார் அவர்.

"எனக்குத் தொண்டை நோகுது."

பையன் நாற்காலியில் ஏறிக் கதவு நிலையில் வருஷத்தை எழுதினான். அவர் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மூன்று இராசாக்களில் ஒருவர் தன் சப்பாத்தைப் பார்க்கிறார்.

ஆசிரியை வந்து மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப் போன பிறகு, குசினிக்குள் வைத்துக் கேட்டேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"எப்பிடி?"

"பூச்சு எண்டு."

"அந்த ஓமாதானே முதல் சொன்னவ." வயதான பெண்களுக்கு அவள் டொச்சில் சொல்கிற சொல் அது.

"பிறகு நீயாத்தானே சொன்னனி. எல்லா வீட்டிலயும்."

பற்றிஸின் ஓரத்தை உடைத்து உடைத்துத் தட்டில் வைத்தாள். "பூச்சு எண்டாத் திருப்பிக் கேக்கமாட்டினம் அம்மா. எங்கயிருந்து வந்தனி எண்டு. மற்ற ஆக்களோட கதைக்கிற மாதிரிக் கதைப்பினம்."

என் கணவர் கமெராவை மேசையில் வைத்தார். "ஆர் உன்னைக் கறுப்பெண்டு சொன்னது? உனக்கு மாநிறம். எங்கட ஆக்கள் கறுப்பில்லையம்மா. ஆபிரிக்காக்காரர்தான் கறுப்பு. அதை நீ அவையளுக்குச் சொல்ல வேணும்."

"அப்ப ஏன் என்னைக் கறுப்பு ராசாவாப் போட்டவை?" என்று கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "பாட்டுக்கு எண்டுதானே நீங்கள் சொன்னனீங்கள்."

கணவர் என்னைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினார். கதைக்காதை என்கிற அதே சாடை. பாட்டுக்குத்தான் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் அடுத்த வருஷமும் அந்தத் துவாயோடு வருவார்கள். அதற்கடுத்த வருஷமும். ஒவ்வொரு முறையும் நான் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று பொய் சொல்ல ஏலாது.

"பாட்டுக்கில்லை" என்றேன். "நிறத்துக்குத்தான். நீ கறுப்பு. நானும் கறுப்பு. அப்பா சொல்லுறதைக் கேளாதை, அவரும் இஞ்ச கறுப்புத்தான். ஆபிரிக்காக்காரர் வேற, நாங்கள் வேற எண்டு இஞ்ச ஒருத்தரும் பாக்கிறேல்லை. நீ நல்லாப் பாடுறனி, அதுவும் உண்மை. ஆனா அதுக்காக உன்னைத் தெரிவு செய்யேல்லை."

சொல்லிவிட்டேன். அவளுடைய முகம் அப்போது இருந்த விதத்தை என்னால் எழுத முடியாது. ஏழு வயதுப் பிள்ளையிடம், உன்னைப் பாட்டுக்காக எடுக்கவில்லை என்று தாய் சொல்வது எவ்வளவு கொடுமை. வேறு யாரும் சொல்ல முதல் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவசரமாக, "அதில வெக்கப்பட ஒண்டுமில்லை" என்று சேர்த்துச் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெக்கமில்லையெண்டா ஏன் பவுடர்?"

நான் எழும்பிச் சட்டியைக் கழுவத் தொடங்கினேன். அவள் தலைப்பாகையைக் கழற்றி, துணியை நாலாக மடித்து, கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்கிற பைக்குள் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வெளிக்கிடும்போது, பழக்கத்தில் என் கை டின்னை எடுத்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள், எப்போதும் போல, பவுடர் கண்ணுக்குள் போகாமல். அப்படி நின்றதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போயிற்று. டின்னை மூடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கோயில் வாசலில் எங்கள் ஆட்கள், "என்ன, பிள்ளைக்குச் சுகமில்லையோ? முகம் வாடிப்போய்க் கிடக்கு" என்று கேட்டார்கள். நல்ல சுகம் என்று சொன்னேன்.

அன்றைக்குப் பிறகு அவள் பாடுவது குறைந்தது. ஏன் என்று கேட்டால் மூக்கடைப்பு, தடிமன் என்பாள். நான் அந்த உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் கணவர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் சில நாட்களில் அப்படித்தான் தோன்றும். சில நாட்களில் அவரோடு சண்டை பிடிப்பேன். யார் சரி என்று முடிவாகாமலே அந்த வருஷம் போனது.

அடுத்த நத்தாருக்கு முன்னால் ஆசிரியை தொலைபேசியில் அழைத்தாள். நான் றிசீவரை மகளிடம் கொடுத்தேன். அவள் மரியாதையாக, டொச்சில், "வேண்டாம், நன்றி" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ நெடுநேரம் கதைத்தது. "வேண்டாம், நன்றி" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டு வைத்தாள். ஆசிரியைக்கு உண்மையிலேயே மனவருத்தம். அடுத்த நாள் கோயிலில் என் கையைப் பிடித்து, பிள்ளைக்கு ஏதும் பிழையாகச் செய்துவிட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளுக்கு விளங்கப்படுத்துகிற அளவுக்கு என் டொச் அப்போதும் வளரவில்லை. வளர்ந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

ஜனவரியில் ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. மகள் போய்க் கதவைத் திறந்தாள். நான் குசினி வாசலில் நின்றேன். வெளியே மூன்று இராசாக்கள். நடுவில் பாண் கடைக்காரரின் மகன், முகம் முழுக்க மை பூசி, வாயைச் சுற்றி மட்டும் றோஸ் நிறமாக. கதவைத் திறந்தது யார் என்று கண்டதும் அவன் மற்றவர்களின் பின்னால் போகப் பார்த்தான். ஆனால் கறுப்பு இராசாவின் தலைப்பாகை அவன் தலையில்தான் இருந்தது, வசனமும் அவனுக்குத்தான். சொன்னான். நான் தூர தேசத்திலிருந்து வருகிறேன், அங்கே வெயில் சுட்டெரிக்கும், மணல் கொதிக்கும். நடுவில் இரண்டு சொல் மறந்துபோய் நின்றான். என் மகள் மெல்லிய குரலில் அந்த இரண்டு சொல்லையும் எடுத்துக் கொடுத்தாள். அவன் சொல்லி முடித்தான்.

அவள் அவன் முகத்தைக் கவனமாகப் பார்த்தாள். வெறுப்பாகப் பார்க்கவில்லை. கணக்குப் பார்க்கிற பிள்ளை மாதிரிப் பார்த்தாள்.

"சவர்க்காரம் போட்டால் போகுமா?" என்று டொச்சில் கேட்டாள்.

"ஓம்" என்றான் அவன். "அம்மா கிறீமும் வாங்கி வைத்திருக்கிறா."

"சரி" என்றாள். நான் எடுத்து வைத்திருந்த சில்லறையை உண்டியலில் போட்டாள். அவர்கள் கதவு நிலையில் பழைய வருஷத்தை அழித்துப் புதியதை எழுதும்வரை பொறுமையாக நின்றாள். நல்ல மாலை வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சப்பாத்துச் சத்தங்கள் படிகளில் இறங்கிப் போயின.

பிறகு குசினிக்குள் வந்து, விட்ட இடத்திலிருந்து வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு இருந்தாள். பென்சிலைச் சீவினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அம்மா, அவனுக்குக் காதுக்குள்ள பூச மறந்திட்டினம்."